அட்லாண்டிக்கைக் கடக்க நவம்பரா, டிசம்பரா?

அலைவாய்:
நண்பருடைய 38 அடிப் பாய்மரப் படகில் நாங்கள் மூவர், கனாரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனில் உள்ள செயின்ட் லூசியாவுக்குச் செல்ல இருக்கிறோம். தூரம் ஏறக்குறைய 2,700 கடல்மைல். சராசரி வேகத்தை ஐந்தரை நாட் (மணிக்கு ஐந்தரை கடல்மைல்) என்று வைத்தால் மூன்று வாரம் பிடிக்கும். என் விடுமுறைக்கு நவம்பர் முதல் வாரமே வசதி. படகுக்காரரோ டிசம்பர் வரை பொறுக்கலாம் என்கிறார். நேராகப் போவதா, ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வேர்ட் தீவுகளில் தங்கிப் போவதா என்பதும் முடிவாகவில்லை. கடந்து வந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சுக்கான்பிடி:
படகுக்காரர் சொல்வதே சரி. சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பதால், காப்பீட்டு ஒப்பந்தத்தில் தேதிக் கட்டுப்பாடு உண்டா என்று முதலில் பாருங்கள். நவம்பரில் புயல் அரிதுதான். ஆனால் காற்றும் அப்போது நிலைகொண்டிருப்பதில்லை. படகை மேற்கே தள்ளிச்செல்லும் வடகிழக்கு வியாபாரக் காற்று, அசோர்ஸ் தீவுகள் அருகே நிற்கும் உயர் காற்றழுத்தத்தின் தெற்குப் புறத்தில் வீசுவது. வடக்கேயிருந்து ஒரு தாழ்வழுத்தம் இறங்கி அதைக் குலைத்துவிட்டால், கனாரிக்குத் தெற்கே பல நாள் காற்று ஓய்ந்துகிடக்கும், அல்லது தென்மேற்கிலிருந்து முகத்தில் அடிக்கும். நான் நவம்பர் 5 அன்று அவசரப்பட்டுப் புறப்பட்டு, ஆறே நாளில் பாதி டீசலை எரித்துவிட்டு, கேப் வேர்டின் மிந்தெலோ துறைமுகத்தில் ஒதுங்கினேன். டிசம்பர் பிற்பாதியில் காற்று நிலைப்படும். பாயைச் சுருக்க வேண்டிய அளவுக்கு வலுக்கவும் செய்யும்.

கொண்டல்:
வரைபடத்தில் நேர்கோடு குறுகியதாகத் தெரிந்தாலும் அந்தக் கோட்டில் காற்று இருக்குமென்ற உறுதி இல்லை. 1492-இல் கொலம்பஸ் ஏறக்குறைய வட அட்சம் 28 பாகையிலேயே மேற்கு நோக்கிப் போய், வியாபாரக் காற்று வீசும் பகுதி வடக்கே ஏறியிருக்கும் செப்டம்பரில்கூட இடையிடையே காற்றின்றி நின்றார். (சூறாவளிப் பருவத்தின் உச்சத்தில் தப்பியது அவருடைய அதிர்ஷ்டம்.) 'வெண்ணெய் உருகும்வரை தெற்கே, பிறகு மேற்கே' என்பது பழைய மாலுமிகளின் கணக்கு, உங்கள் படகில் குளிர்பதனப் பெட்டி இருந்தால் வெண்ணெயை நம்பாமல், வட அட்சம் 20 பாகை வரை இறங்கிவிட்டு மேற்கே திரும்புங்கள். மிந்தெலோ வழியாகப் போனால் 250 கடல்மைல் போலக் கூடும். ஆனால் தண்ணீரும் டீசலும் நிரப்பலாம், அங்கிருந்து முதல் நாளிலேயே காற்று முதுகுக்கு வந்துவிடும்.

சுக்கான்பிடி:
ஒன்றைச் சொல்ல மறந்தேன். பின்காற்றில் மூன்று வாரம் ஓடும்போது, பாயை ஏற்றும் கயிறு பாய்மர உச்சிக் கப்பியில் ஒரே இடத்தில் உரசி நைந்துபோகும். தினமும் காலையில், தளத்தில் விழுந்து கிடக்கும் பறவை மீன்களைப் பொறுக்கும் வேளையிலேயே, கயிற்றை நான்கு விரற்கடை இழுத்தோ தளர்த்தியோ உரசும் இடத்தை மாற்றிவிடுங்கள்.

அலைவாய்:
நன்றி, ஐயா. விடுமுறையைத் தள்ளிவைக்கக் கேட்டு அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். முழுவதும் கிடைக்காவிட்டால், அவர்கள் இருவரும் மிந்தெலோ வரை படகை ஓட்டி வரட்டும். நான் லிஸ்பனிலிருந்து விமானத்தில் போய் அங்கே சேர்ந்துகொள்கிறேன்.