புதுப்பிப்பு: அப்பா தூக்கத்தில் கத்துவது, உதைப்பது – காரணம் தெரிந்துவிட்டது

அப்பா தூக்கத்தில் கத்தி அம்மாவை உதைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. கைகொடுத்தது, ‘போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்’ என்ற யோசனைதான்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய்க் காட்டினோம். இரவு முழுக்கத் தூக்கப் பரிசோதனை செய்து, ரெம் தூக்க (கனவு வரும் தூக்கம்) நடத்தைக் கோளாறு என்று உறுதிப்படுத்தினார்கள். கனவு நேரத்தில் தளர்ந்து கிடக்க வேண்டிய தசைகள் தளர்வதில்லை. கனவில் விடும் உதை நிஜமாகவே விழுகிறது.

எதிர்பாராதது: அப்பாவுக்கு வாசனை தெரிகிறதா என்றும் மருத்துவர் கேட்டார். பக்கத்தில் கருவாடு வறுத்தாலும் அப்பாவுக்குத் தெரிவதில்லை என்று அம்மா அப்போதுதான் சொன்னார். இந்தத் தூக்கக் கோளாறு, வாசனை தெரியாதது இரண்டும் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே தலைகாட்டலாமாம். இப்போதைக்கு நடுக்கம், விறைப்பு இல்லை. தொடர்ந்து வரச் சொல்லியிருக்கிறார்.

மெலட்டோனின் என்ற தூக்க ஹார்மோன் மருந்தில் உதை குறைந்திருக்கிறது. மெத்தை தரைக்கு வந்துவிட்டது, அம்மா அடுத்த அறைக்கு. மந்திரிக்கச் சொன்ன சித்தப்பாதான் இன்னும் கோபமாக இருக்கிறார்.