சிகரெட் வரி உயர்வு: கடற்கரைக் குடும்பங்களுக்குச் சுமையா, காப்பா?

கேள்வி: தங்கச்சிமடத்தான்

அனைவருக்கும் வணக்கம். 2026 பிப்ரவரி 1 முதல் சிகரெட்டுக்கு 40 சதவீத ஜி.எஸ்.டி.யும், அதற்கு மேல் நீளத்தைப் பொறுத்து ஆயிரம் சிகரெட்டுக்கு 2,050 ரூபாய் முதல் 8,500 ரூபாய் வரை கலால் வரியும் விதிக்கப்பட்டிருக்கின்றன. என் உறவினர்களில் பலர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கழித்து மிஞ்சுவதில்தான் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் அதுவும் நின்றுபோய், நிவாரணமாக வரும் 8,000 ரூபாயையும் கடனையும் வைத்தே 61 நாட்களை ஓட்ட வேண்டும்.

புகைப்பது கேடு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சென்னையில் மாதச் சம்பளம் வாங்குபவரும் பாம்பனில் வலை இழுப்பவரும் ஒரு சிகரெட்டுக்கு ஒரே வரியைக் கட்டும்போது, அவரவர் வருமானத்தோடு ஒப்பிட்டால் இல்லாதவனிடமே அதிகம் பிடுங்கப்படுகிறது. விட முடியாத பழக்கத்தில் சிக்கியவனைக் கசக்கிக் கருவூலத்தை நிரப்புவது நியாயமா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற வணிகவரி அலுவலர், இராமநாதபுரம்

தம்பி, நீங்கள் சொல்வது வரிக் கணக்கின் முதல் பாதிக்கு முற்றிலும் பொருந்தும். வருமானம் குறையக் குறையச் சுமை கூடுகிற வரி இது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் விலை ஏறிய பிறகும் எல்லோரும் முன்பு போலவே புகைப்பார்கள் என்று வைத்துக்கொண்டால்தான் அந்தக் கணக்கு அதோடு முடியும். உலக சுகாதார நிறுவனம் தரும் மதிப்பீட்டின்படி, விலை 10 சதவீதம் ஏறினால் பணக்கார நாடுகளில் புகையிலைப் பயன்பாடு ஏறத்தாழ 4 சதவீதமும், நம்மைப் போன்ற நாடுகளில் ஏறத்தாழ 5 சதவீதமும் குறைகிறது. அப்படிக் குறைப்பவர்களில் ஏழைகளும் இளவயதினருமே அதிகம். ஆகவே விட்டவன் வீட்டில் பணம் மிஞ்சுகிறது. விடாதவன் வீட்டில் ஓட்டை பெரிதாகிறது. ஏழைகள் என்று மொத்தமாகச் சொல்லும்போது இந்த இரு வகையினரையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம்.

நோயின் செலவையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது என்பது உண்மையே. எனினும் புற்றுநோய்க்காக மதுரைக்கும் ஊருக்குமாக மாதக்கணக்கில் அலையும் ஒருவருடைய கடல் தொழில் நின்றுபோவதற்கும், உடன் போகும் மனைவியின் வேலை கெடுவதற்கும் எந்தக் காப்பீடும் ஈடு தருவதில்லை. சில்லறை விலையில் குறைந்தது 75 சதவீதம் வரியாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது இதையெல்லாம் கருதித்தான்.

எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. சிகரெட்டுக்கு வரியை ஏற்றிய அதே நாளில் பீடிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறக்கப்பட்டது. 2016-17இல் நடந்த தேசிய புகையிலைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம்தான். பீடி பிடிப்பவர்களோ 7.7 சதவீதம். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பை எண்ணும்போது அந்தச் சலுகையை எதிர்த்துப் பேச எனக்கும் நா எழவில்லை. ஆனாலும் மேல்படியில் நிற்பவனை விரட்டிவிட்டுக் கீழ்ப்படியில் பாய் விரித்து வைத்தால், அவன் வீட்டுக்குப் போக மாட்டான், கீழே இறங்கி உட்கார்ந்துகொள்வான். பீடியின் புகை நுரையீரலுக்கு எந்தச் சலுகையும் தருவதில்லை.

இன்னொன்று. முன்பு சிகரெட்டிலிருந்து வந்த இழப்பீட்டு மேல்வரி, மாநிலங்களின் ஜி.எஸ்.டி. இழப்பை ஈடுகட்டவே ஏற்படுத்தப்பட்டது. இப்போதைய கலால் வரியோ மத்திய அரசு மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் வரித் தொகுப்பில் சேருவதால், அதிலிருந்து மாநிலங்களுக்கு 41 சதவீதம் பங்கு வருகிறது. அந்தப் பணம் எங்கே செலவாகிறது என்று கேட்கும் உரிமை, வரியைக் கட்டுகிற மீனவருக்குத்தான் முதலில் உண்டு.

பதில் 2: பெட்டிக்கடைக்காரர், கீழக்கரை

கடை வைத்திருப்பவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் பாக்கெட்டாக வாங்குபவர்கள் குறைவு. ஒன்றோ இரண்டோ வாங்கி, கயிற்றில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு போகிறவர்களே மிகுதி. அரசு எத்தனை பைசா கணக்கில் வரியைக் கூட்டினாலும் ஒற்றைச் சிகரெட்டின் விலை முழு ரூபாயாகத்தான் ஏறும், ஏனென்றால் கொடுக்கச் சில்லறை கிடையாது. அந்த மிச்சப் பைசா அரசுக்கும் போவதில்லை, வாங்குபவருக்கும் திரும்புவதில்லை. வரிச் செய்தி வந்ததுமே பழைய சரக்கைப் புது விலைக்கு விற்றவர்களும் உண்டு.

விலை ஏறிய பிறகு, நீள ஃபில்டர் கேட்டவர் குட்டை ஃபில்டருக்கு இறங்கினார். குட்டை ஃபில்டர் கேட்டவர் பீடிக் கட்டைக் கை காட்டினார். ஐயா சொன்ன கீழ்ப்படியை நான் தினமும் பார்க்கிறேன். அடியோடு நிறுத்தியதாகச் சொன்ன எவரையும் நான் காணவில்லை. நிறுத்தியவர் கடைக்கு வரமாட்டார் என்பது வேறு விஷயம்.

இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. எச்சரிக்கைப் படமோ விலையோ அச்சிடாத வெளிநாட்டுப் பாக்கெட்டுகளைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று ஆட்கள் வந்து கேட்கிறார்கள். நான் வாங்குவதில்லை. எல்லாக் கடைக்காரர்களும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. வரியை ஏற்றிக்கொண்டே போனால் கடத்தல் சரக்குக்குத்தான் யோகம்.

பதில் 3: பாசி எடுக்கும் பெண், மண்டபம்

என் வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். விலை ஏறியதால் அவர் புகைப்பது குறையவில்லை. என் கைக்கு வரும் காசுதான் குறைந்தது. முதலில் நின்றது பிள்ளைகளுக்கு வாங்கும் முட்டை. மீன்காரர் வீட்டில் முட்டை எதற்கு என்று கேட்பார்கள். நல்ல மீனெல்லாம் ஏலத்துக்குப் போய்விடும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். எனவே இந்த வரியை அவர் கட்டுவதாக நீங்கள் எல்லோரும் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடைக்கார அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். பழக்கத்தை விட உதவி கேட்பதற்கான இலவச எண் 1800-11-2356 பாக்கெட்டின் மேல்தான் அச்சிடப்பட்டிருக்கிறது. ஒற்றைச் சிகரெட்டாக வாங்குபவர் அந்தப் பாக்கெட்டை எங்கே பார்க்கிறார்? படமும் எண்ணும் உங்கள் கையோடு நின்றுவிடுகின்றன. அதை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி லைட்டருக்குப் பக்கத்தில் மாட்டலாமே. தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகும் ஆண்கள் எல்லோரும் இரண்டு மாதம் கரையில்தான் இருக்கிறார்கள். அப்போது மருத்துவர் ஒருவர் இறங்குதளத்துக்கே வந்து உட்கார்ந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் முறைக்கிறவர்களும் வந்து பேசுவார்கள்.

பதில் 4: ஓய்வுபெற்ற வணிகவரி அலுவலர், இராமநாதபுரம்

சகோதரி சொல்வதே சரி. யார் கட்டுகிறார் என்பதை நான் ஆணின் பக்கத்திலிருந்து மட்டும் எழுதிவந்தேன். இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால், தடைக்கால முகாம் கேட்டு மீனவர் சங்கத்தின் வழியாக மாவட்ட நிர்வாகத்துக்கு மனு கொடுப்பது கடினமான காரியமும் அல்ல.

கடத்தலைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நம் கரையிலிருந்தே பீடி இலை மூட்டைகள் படகேறி இலங்கைக்குக் கடத்தப்படுவதும், அவை பிடிபடுவதும் அங்கே அந்த இலைக்குக் கடுமையான இறக்குமதி வரி இருப்பதால்தான். ஆனால் அதைக் காரணம் காட்டி வரியைக் குறைப்பதைவிட, படம் அச்சிடாத பாக்கெட் எந்தக் கடையில் தொங்கினாலும் அதிகாரிகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கேட்பதே முறை. அதை அடையாளம் காண அவர்களுக்குத் தனித் திறமை எதுவும் தேவையில்லை.

தங்கச்சிமடத்தான்

பீடியையும் சிகரெட்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாத வரை என் கேள்வி பாதியில்தான் நிற்கிறது என்று புரிகிறது. முகாமுக்கான மனுவை நான் எழுதுகிறேன். ஏப்ரலுக்குள் கொடுத்தால்தான் பயன்படும் என்பதால், கையெழுத்துப் போட விரும்பும் பாம்பன், மண்டபம், கீழக்கரைக்காரர்கள் இங்கேயே தெரிவியுங்கள். பெண்களின் கையெழுத்து முதலில் வரட்டும்.