யோடரைப் பாடத்தில் வைத்திருக்கலாமா?

கேள்வி: செமினரியில் (இறையியல் கல்லூரியில்) சமாதான இறையியல் பாடம். பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்திய அமெரிக்க மென்னோனைட் இறையியலாளர் ஜான் ஹோவர்ட் யோடரின் 'த பாலிடிக்ஸ் ஆஃப் ஜீசஸ்' (1972) பல வருஷமாக வாசிப்புப் பட்டியலில் இருக்கிறது. எடுத்துவிடுவதா, ஒரு அடிக்குறிப்போடு விடுவதா?

பதில்: அடிக்குறிப்பு போதவே போதாது. 1970களிலேயே 'கிறிஸ்தவப் பாலியல் ஒழுக்கத்தில் பரிசோதனை' என்று சொல்லித் தன் பாலியல் மீறல்களுக்கு இறையியல் நியாயம் எழுதி, சுற்றுக்கு விட்டவர் அவர். ரேச்சல் வால்ட்னர் கூசனின் 2015 ஆய்வுக் கட்டுரையை முதல் வாரமே வாசிக்கக் கொடுங்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் நூறுக்கும் மேல் என்ற மதிப்பீடு அதில் இருக்கிறது.

பதில்: கூடவே மத்தேயு 18:15ஐ எடுங்கள். குற்றம் சாட்டுகிறவர் நேரில் வந்து பேசட்டும் என்று யோடர் அந்த வசனத்தைத்தான் கேடயமாகப் பிடித்தார். மாணவியும் பேராசிரியரும் சமநிலையிலா இருக்கிறார்கள்? 1992இல் வந்த 'பாடி பாலிடிக்ஸ்' நூலின் முதல் அத்தியாயமே 'கட்டுதலும் கட்டவிழ்த்தலும்', இதே மத்தேயு 18ஐப் பற்றியது. அதே வருஷம்தான் அவர் சார்ந்த மென்னோனைட் வட்டாரச் சபை அமைப்பு அவருடைய ஊழிய அங்கீகாரத்தை நிறுத்தி வைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வகுப்பு தானாகவே பேசும்.

பதில்: நிறுவனத்தை விட்டுவிடாதீர்கள். 1984இல், தான் கற்பித்த எல்கார்ட் மென்னோனைட் செமினரியை விட்டு அவர் போனபோது காரணம் வெளியே வரவில்லை. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்தல் தொடர்ந்தது. எல்கார்ட் செமினரி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2015இல், அவர் இறந்து 17 வருஷம் கழித்து. இன்னொன்று: அகிம்சைக்கு அவர் ஒருவர்தான் ஆதாரம் என்பதுபோல் பாடத்தை அமைக்காதீர்கள்.