ஜெர்மன் வகுப்பும் பல்கலைக்கழக ஐஆர் ஆபீஸ் வேலையும்: சேர்த்துப் பார்க்கலாமா?

பீளமேடு_பி2 கேட்டது:

வணக்கம். எம்.ஏ. ஆங்கிலம், கூடவே ஜெர்மன் பி2 சான்றிதழ் (ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஏறும் மொழி நிலைகளில் நான்காவது). கோவையில் ஒரு தனியார் மையத்தில் ஏ1, ஏ2 எடுக்கிறேன், மணிக்கணக்குச் சம்பளம். இப்போது ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் ஆபீஸ் கோஆர்டினேட்டர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதோடு வாரம் ஆறு மணி நேரம் ஜெர்மன் வகுப்பும் எடுக்க வேண்டுமாம். ஜெர்மனியில் இரண்டு பல்கலைக்கழகங்களோடு மாணவர் பரிமாற்றம் நடக்கிறது. அந்த ஆபீஸில் அன்றாட வேலை என்ன? பி2-வை வைத்துப் பிற்காலத்தில் அசிஸ்டன்ட் புரொபசர் ஆக முடியுமா? சேருவதற்கு முன் எதையெல்லாம் கேட்டுக்கொள்வது?

கோப்புக்கட்டு:

மொழி தெரியும் என்பதால் உள்ளே எடுப்பார்கள். ஆனால் உங்களை அங்கே நிறுத்துவது கிரெடிட் கணக்கும் காலண்டரும்தான்.

காலண்டரை முதலில் பாருங்கள். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. பாடம் நடப்பது அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. நம் ஒற்றைப்படை செமஸ்டர் ஜூன், ஜூலையில் தொடங்கி நவம்பரில் முடிந்துவிடும். அதனால் குளிர்காலத்துக்கு அனுப்பினால் பையனுக்கு இங்கே இரண்டு செமஸ்டரும் இடிக்கும். கோடைக்கால செமஸ்டர் ஏப்ரலில் தொடங்கும், அப்போது இங்கே செமஸ்டர் பரீட்சை. இதற்கு ஒரே வழி, எந்தப் பாடத்தை அங்கே படிப்பது, எதை இங்கே முன்கூட்டியோ திரும்பி வந்தோ எழுதுவது என்று போர்டு ஆஃப் ஸ்டடீஸிலும் (பாடத்திட்டக் குழு) சிஓஇ (தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்) ஆபீஸிலும் எழுத்தில் ஒப்புதல் வாங்குவது. அதுவும் மாணவர் கிளம்புவதற்கு முன். ஹெச்ஓடி வாய்மொழியாக "பார்த்துக்கலாம்" என்றதை நம்பி அனுப்பினால், திரும்பி வரும்போது அரியர் காத்திருக்கும். சில சமயம் ஹெச்ஓடியே மாறியிருப்பார்.

அடுத்தது லேர்னிங் அக்ரிமென்ட், அதாவது அங்கே படிக்கும் எந்தப் பாடம் இங்கே எதற்கு ஈடு என்று எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டர் முழுச்சுமை 30 ஈசிடிஎஸ் (அங்கே பொதுவான கிரெடிட் அலகு). ஒரு ஈசிடிஎஸ் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இங்கே செமஸ்டருக்கு 20 கிரெடிட் என்று வைத்தால், நம் ஒரு கிரெடிட் அவர்களுடைய ஒன்றரைக்குச் சமம். நான்கு கிரெடிட் பாடத்துக்கு ஆறு ஈசிடிஎஸ். பாடத் தலைப்பைப் பார்த்து மட்டும் பொருத்தாதீர்கள். சிலபஸை அலகு அலகாக வைத்துப் பார்த்து, துறை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள். போய்ச் சேர்ந்த முதல் இரண்டு வாரத்தில் பாதிப் பேருக்குப் பாடம் மாறும் (இடம் நிரம்பிவிட்டது, ஆங்கிலத்தில் நடக்கும் என்றது ஜெர்மனில் நடக்கிறது, இப்படி). மாற்றத்துக்கென்று இருக்கும் பக்கத்தை அப்போதே நிரப்பி வாங்காவிட்டால் மதிப்பெண் பட்டியல் ஒன்று சொல்லும், ஒப்பந்தம் வேறொன்று சொல்லும்.

மாணவர்களுக்கு நூறு முறை சொல்ல வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. அங்கே பாடத்துக்குப் பதிவது வேறு, பரீட்சைக்குப் பதிவது வேறு. பரீட்சைக்குத் தனியாகப் பதியாதவருக்கு மதிப்பெண் கிடையாது. பரிமாற்றத்தில் கல்விக் கட்டணம்தான் தள்ளுபடி, செமஸ்டர் பங்களிப்புக் கட்டணத்தை மாணவர்தான் கட்ட வேண்டும். "இலவசம்னு சொன்னீங்களே" என்று பெற்றோர் வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

விசாவுக்குப் பணம் காட்ட பிளாக்டு அக்கவுன்ட் (முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்கும் கணக்கு) என்றால், 2024 செப்டம்பரிலிருந்து மாதம் 992 யூரோ, ஆண்டுக்கு 11,904. ஆறு மாதத்துக்கு 5,952. உதவித்தொகைக் கடிதம் இருந்தால் அந்தத் தொகை போக மீதியைக் காட்டினால் போதும். கடிதத்தில் மாதத் தொகையும் தொடக்க, முடிவுத் தேதிகளும் இருக்கின்றனவா என்று நீங்களே படித்துப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் பெயர் விரித்து எழுதியிருக்கும், மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும். இது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று ரிஜிஸ்ட்ரார் கடிதம் ஒன்றை முதலிலேயே கோப்பில் போட்டுவிடுங்கள்.

இலக்கண_மேடம்:

தம்பி, வகுப்புப் பக்கத்தை நான் சொல்கிறேன். ஏ1, ஏ2 எடுக்க பி2 போதும். பி1 எடுக்கச் சொன்னால் சி1 இல்லாமல் ஒத்துக்கொள்ள வேண்டாம். மாணவர் கேட்கும் 'ஏன்' கேள்விகள் பி1-இல்தான் தொடங்கும்.

அசிஸ்டன்ட் புரொபசர் ஆசைக்கு எம்.ஏ. ஆங்கிலம் உதவாது. ஜெர்மனில் நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) எழுதி அந்தத் துறைக்கு வர, ஜெர்மனிலேயே எம்.ஏ. வேண்டும், 55 சதவீதத்தோடு (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50). ஹைதராபாத் இஃப்ளூ, டெல்லி ஜேஎன்யூ ஆகிய இரண்டு மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் அந்தப் படிப்பு உண்டு. நெட் தேர்வு மூன்று மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண், தவறுக்குக் கழிப்பு இல்லை. முதல் தாளின் 50 கேள்வி எல்லாப் பாடத்துக்கும் பொது.

எம்.ஏ.வுக்குப் போக முடியாது என்றால் சி1 முடித்து, கோத்தே நிறுவனத்தின் (ஜெர்மன் மொழியும் பண்பாடும் பரப்பும் அமைப்பு) டிஎல்எல் ஆசிரியர் பயிற்சியைச் செய்யுங்கள். பயிற்றுநர் பதவிக்கு அது மதிப்பு, பேராசிரியர் பதவிக்கு நெட்டுக்கு மாற்று ஆகாது. இதைக் குழப்பி விளம்பரம் செய்யும் மையங்கள் இருக்கின்றன, ஏமாறாதீர்கள்.

வாரம் ஆறு மணி நேரத்தில் என்ன வாக்குக் கொடுக்கலாம்? 15 வாரத்துக்கு 90 மணி. ஒழுங்காக வந்தால் ஏ1 முடியும். நிர்வாகம் "ஒரே செமஸ்டரில் பி1" என்று பிரசுரத்தில் போடப் பார்க்கும், விடாதீர்கள். கோத்தே பி2 தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் எழுத்தில். 75 நிமிடத்தில் ஒரு கருத்துப் பதிவு குறைந்தது 150 சொல், ஒரு முறையான செய்தி குறைந்தது 100 சொல். இலக்கணம் தெரிந்தவர்களே கேட்ட நான்கு குறிப்பில் ஒன்றை விட்டுவிட்டு மதிப்பெண் இழப்பார்கள். நான்கு பகுதியிலும் தனித்தனியே 100-க்கு 60 எடுக்க வேண்டும். தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம்.

பீளமேடு_பி2:

மிக்க நன்றி சார், மேடம். ஒரு சந்தேகம். அங்கே 2.5 வாங்கி வருபவருக்கு இங்கே எவ்வளவு போடுவது? பழைய கோப்பில் ஆளுக்கொரு கணக்காக இருக்கிறதாம்.

கோப்புக்கட்டு:

அங்கே 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் கடைசிப்படி, 5.0 தோல்வி. எண் குறையக் குறைய நல்லது. இது தெரியாத கிளார்க் 1.3-ஐ ஃபெயிலாகப் பதிந்துவிடுவார். அதனால் மதிப்பெண் பட்டியலோடு விளக்கத் தாளையும் பின் செய்தே சிஓஇ-க்கு அனுப்புங்கள்.

வெளிநாட்டு மதிப்பெண்ணை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்றும் திருத்திய பவேரியச் சூத்திரம் இது: ஜெர்மன் மதிப்பெண் = 1 + 3 × (உச்சம் − எடுத்தது) ÷ (உச்சம் − தேர்ச்சி எல்லை). நமக்கு வேண்டியது இதன் தலைகீழ். 2.5-இலிருந்து 1-ஐக் கழித்தால் 1.5, மூன்றால் வகுத்தால் 0.5. உங்கள் அளவுகோல் 10, தேர்ச்சி 5 என்றால் இடைவெளி 5. அதில் 0.5 பங்கு, அதாவது 2.5-ஐ 10-இலிருந்து கழிக்க, 7.5. தேர்ச்சி எல்லை 4 என்றால் இடைவெளி 6 ஆகி, அதே மாணவருக்கு 7.0. கோப்பில் ஆளுக்கொரு கணக்கு வருவது பெரும்பாலும் இந்தத் தேர்ச்சி எல்லையை மாற்றி மாற்றிப் போட்டதால்தான். அகாடமிக் கவுன்சிலில் ஒரு மாற்று அட்டவணையை நிறைவேற்றி வைத்துவிட்டால் ஒவ்வொரு மாணவருக்கும் வழக்காட வேண்டாம்.

விடுதி_வாசல்:

உள்ளே வரும் மாணவர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வெளிநாட்டு மாணவர் விடுதிக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் பதிய வேண்டும். ஆபீஸில் இன்றும் 'ஃபார்ம் சி' என்றுதான் சொல்வார்கள். விசா 180 நாளுக்கு மேல் என்றால் வந்த 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) பதிவு. அதற்குக் கேட்கும் போனஃபைட் சான்றும் தங்குமிடச் சான்றும் உங்கள் மேஜையிலிருந்துதான் போக வேண்டும். ஆள் வெள்ளி இரவு இறங்குவார், வார்டன் திங்கட்கிழமைதான் வருவார், 24 மணி நேரம் அங்கேயே போச்சு. விடுதியில் இரண்டு பேருக்காவது அந்த லாகின் இருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

சேரும் முன் கேட்க வேண்டியவை: வேலை நிரந்தரப் பணியிடமா, 11 மாத கன்சாலிடேட்டட் பேயா (படிகள் இல்லாத மொத்தச் சம்பள ஒப்பந்தம்)? வகுப்பு நேரம் சம்பளத்துக்குள் அடக்கமா, தனியா? அலுவலக முத்திரையோடு கையெழுத்திட உங்களுக்கு அதிகாரம் உண்டா, ஒவ்வொரு கடிதத்துக்கும் டீன் அறை வாசலில் நிற்க வேண்டுமா? கடைசியாக, அந்த இரண்டு ஒப்பந்தங்களின் நகலையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். வெறும் எம்ஓயு (புரிந்துணர்வு ஒப்பந்தம்) மட்டும் இருந்து, ஆண்டுக்கு எத்தனை மாணவர், கட்டணத் தள்ளுபடி யாருக்கு, காலாவதி எப்போது என்ற இணைப்பு இல்லையென்றால், அங்கே பரிமாற்றம் இன்னும் தொடங்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் வேலை உங்கள் தலையில்தான் விழும், சம்பளத்தை அதற்கேற்பப் பேசுங்கள்.