டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் பழைய சாலையில்: எங்கே நின்று சாப்பிடலாம்?

செந்தூல்காரன்:
வணக்கம். நண்பர்கள் நால்வர் டிசம்பர் 21 காலை கோலாலம்பூர் செந்தூலிலிருந்து காரில் கிளம்புகிறோம். அன்றிரவு கேமரன் மலையில் தங்கல், மறுநாள் ஈப்போ, தைப்பிங் வழியாகப் பினாங்கு. நம் நாட்டில் குளிர்காலம் என்று ஒன்று உண்டென்றால் அது டிசம்பர் கேமரன்தான் என்று சொல்லி, எங்களில் ஒருவன் இப்போதே கம்பளிச் சட்டை வாங்கி வைத்துவிட்டான்.

சிக்கல் சாப்பாட்டில். ஒருவன் மார்கழி முழுவதும் சைவம், முட்டைகூடத் தொட மாட்டான். இன்னொருவன் முஸ்லிம், ஹலால் பார்த்துத்தான் சாப்பிடுவான். மற்ற இருவரும் மாட்டிறைச்சியைத் தவிர எல்லாம் சாப்பிடுவோம். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் ஆறிப்போன மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுச் சலித்துவிட்டது. இந்த முறை பழைய சாலையில் போவதாக முடிவு. இணையத்தில் 'சாப்பிட்டே ஆகவேண்டிய கடைகள்' பட்டியலுக்குக் குறைவில்லை. அந்த வழியில் உண்மையாகவே போய்வருபவர்கள் சொல்லுங்கள்.

ரவாங் ராஜா:
நால்வருக்கும் நான்கு விதச் சாப்பாடு என்றால் நெடுஞ்சாலை ஓய்விடம்தான் சரி. ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு கடை, தொழுகைக்கு இடம், கழிப்பறை. பழைய சாலையில் சிலிம் ரிவரில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பசியே செத்துவிடும்.

பட்டர்வொர்த் அக்கா:
ராஜா சொல்வதைக் கேட்காதீர்கள், தம்பி. லாரிக்குப் பின்னால் போவதில் ஒரு நன்மை உண்டு: அது எந்தக் கடை முன்னால் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

நான் மருந்து விற்பனையில் இருக்கிறேன். தஞ்சோங் மாலிமிலிருந்து பாரிட் புந்தார் வரை உள்ள கிளினிக்குகளின் வாசலில் காத்துக்கிடந்தே பாதி வயது போய்விட்டது. மருத்துவர் கூப்பிடும்வரை பசியோடு உட்கார்ந்திருப்பவளுக்கு எந்த ஊரில் எத்தனை மணிக்கு எது சூடாக இறங்கும் என்பது தானாகவே தெரிந்துவிடும். அதனால் என் ஆலோசனை ஒன்றுதான். கடைப் பெயரை வைத்துப் பயணத்தை வகுக்காதீர்கள், மணியை வைத்து வகுத்துக்கொள்ளுங்கள். பெயர்பெற்ற கடைக்குத் தப்பான நேரத்தில் போய் வரிசையில் நிற்பதைவிட, பெயரில்லாத கடைக்குச் சரியான நேரத்தில் போவது மேல்.

காலை 6.30க்குக் கிளம்பினால் 8 மணி வாக்கில் தஞ்சோங் மாலிம். இங்கே பாவ், அதாவது ஆவியில் வெந்த சீன ரொட்டி உருண்டைதான் பேர்போனது. 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படுவதற்கு முன்பெல்லாம் வடக்கே போகும் பஸ்கள் இந்த ஊருக்குள் நின்றுதான் போகும். பயணிகள் காப்பி குடித்துவிட்டு ஒரு பொட்டலம் பாவும் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். பஸ்கள் போய்விட்டன, பாவ் இருக்கிறது. ஆவிப் பெட்டியைத் திறக்கும்போது அருகே நின்றால் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போகும். அடிக் காகிதத்தை உரித்து, இரண்டாகப் பிட்டு, கொஞ்சம் ஆறவிடுங்கள். மேல்மாவு கைபொறுக்கும் சூடாக இருக்கும், உள்ளே காயா என்னும் தேங்காய்ப்பால் ஜாம் கொதித்துக்கொண்டிருக்கும். அவசரப்பட்டுக் கடித்தவர்களுக்கு அன்று முழுவதும் நாக்கில் ருசி தெரியாது. மார்கழி நண்பருக்குக் காயா ஆகாது, அதில் முட்டை இருக்கிறது. சிவப்பு பீன்ஸ் பாவ் வாங்கிக்கொடுங்கள். கறிப் பாவில் மாட்டிறைச்சி வைத்ததும் உண்டு, கேட்டு வாங்குங்கள். ஹலால் கடையாகப் பார்த்து வாங்கினால் உங்கள் சைவ நண்பருக்கும் நல்லது: மாவில் பன்றிக் கொழுப்பு இருக்குமோ என்ற பயமில்லை.

அடுத்தது பிடோர். எல்லாரும் வாத்துக்கால் மீ என்பார்கள். மூலிகைச் சாறு கருகருவென்று நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உங்களில் இருவர் சாப்பிட, இருவர் காரில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவவா? விட்டுவிடுங்கள். பிடோரில் சாலையோரக் கொய்யா வாங்குங்கள். நறுக்கிக் கேட்டால் புளிப்புத் தூள் பொட்டலத்தோடு தருவார்கள். நால்வரும் ஒரே பையில் கைவிடலாம்.

தாப்பாவில் 11 மணிக்குள் மலையேறத் தொடங்கிவிடுங்கள். ஏறும் முன் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம்; வளைவுக்கு மேல் வளைவு, பின்னிருக்கைக்காரர் பாடு திண்டாட்டம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையின் முழு வேகம் கிழக்குக் கரைக்குத்தான். என்றாலும் மலையில் பிற்பகல் மழைக்குப் பஞ்சமில்லை. மழையோடு மூடுபனியும் இறங்கினால் முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். வழியில் லாத்தா இஸ்கந்தர் அருவிப் பக்கம் பூர்வகுடி ஓராங் அஸ்லி மக்கள் நெடி வீசும் பெத்தாய்க் காய் விற்பார்கள். வாங்குவதானால் டிக்கியில் வையுங்கள், காருக்குள் வேண்டாம்.

மேலே போனதும் எல்லாரும் மேசையிலேயே சட்டி வைத்துக் கொதிக்கவிடும் ஸ்டீம்போட் தேடி ஓடுவார்கள். பிரிஞ்சாங்கில் கரி அடுப்பு வைத்தே கொடுக்கிற கடைகள் உண்டு. குளிருக்கு அதைப்போல எதுவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே சட்டியில் மீன் உருண்டையும் கோழியும் காளானும் சேர்ந்து கொதிக்கும்போது உங்கள் சைவ நண்பர் எதைத் தின்பார்? தனிச் சட்டி கேளுங்கள், சாறு எதில் காய்ச்சியது என்றும் கேளுங்கள். அங்கே ஒரு கடையில் எனக்குச் 'சைவச் சாறு' என்று கொண்டுவந்து வைத்தார்கள். கீரையை அள்ளி முடித்துப் பார்த்தால் சட்டியின் அடியில் நெத்திலித் தலைகள் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. கடைக்காரரோ, நெத்திலியை எடுத்துவிட்டுத்தானே கொடுத்தோம் என்றார். தலையை மறந்துவிட்டார்கள் போலும்.

அதனால் உங்கள் குழுவுக்கு இரவுச் சாப்பாடு தானா ராத்தா கடைத்தெருவில். நம்மவர் கடைகள் இருக்கின்றன. இந்த மலையில் தேயிலை கிள்ளிக் கிள்ளிக் கை காய்த்துப்போன குடும்பங்களின் ஊர் அது. சுடச்சுடத் தோசை, இஞ்சி தட்டிப் போட்ட தேநீர், வெளியே 16, 17 டிகிரி. கம்பளிச் சட்டைக்காரர் மகிழ்ந்துபோவார். மறுநாள் காலை சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குச் சீக்கிரம் போய்விடுங்கள். அந்தத் தோட்டத்தின் போ (BOH) நிறுவனம் 1929இல் தொடங்கியது. பச்சைச் சரிவைப் பார்த்துக்கொண்டு குடிக்கிற தேநீருக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். ஸ்ட்ராபெரி விஷயத்தில் எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. புளிக்கும். படம் எடுக்கத்தான் லாயக்கு.

இறங்குவது சிம்பாங் பூலாய் வழியாக. சாலை அகலம், நேராக ஈப்போ. இப்படி இறங்கினால் கம்பாரும் கோப்பேங்கும் தவறிப்போகும். பழைய சாலையில் அந்த ஒரு துண்டை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். கம்பாரின் கறிக்கோழி ரொட்டியை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போவில் மதியம். வெள்ளைக் காப்பி கட்டாயம். சர்க்கரை சேர்க்காமல் மார்ஜரின் மட்டும் போட்டு வறுத்த கொட்டை, அதனால்தான் கசப்புக் குறைவு. உங்கள் இருவருக்கும் தௌகே கோழி: இங்கே முளைப்பயறு குட்டையாக, கொழுகொழுவென்று இருக்கும், சுண்ணாம்பு மலைத் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். மற்ற இருவருக்கு லஹாட் சாலைப் பக்கம் குட்டி இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு. பிறகு நால்வரும் சேர்ந்து சோயாப் பாலில் செய்த தௌ ஃபூ ஃபா. நீங்கள் அங்கே இருக்கும் நாளை ஒட்டித்தான் சீனர்களின் டோங் ஜி, அவர்களுடைய குளிர்கால விழா. இஞ்சிப் பாகில் மிதக்கும் தங் யுவான் உருண்டை கிடைத்தால் விடாதீர்கள், பால் கொழுக்கட்டைக்குச் சீன உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பூரணம் இல்லாத சின்ன உருண்டையாகக் கேட்டால் சைவக்காரருக்கும் வம்பில்லை.

பிற்பகல் 3 மணிக்குக் கோலகங்சார் தாண்டித் தைப்பிங். வழியில் நேரமிருந்தால் கோலகங்சாரில் அந்தப் பழைய ரப்பர் மரத்தைப் பாருங்கள். 1877இல் வந்த கன்றுகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. நம் தாத்தா பாட்டிகளை இந்த நாட்டுக்கு இழுத்து வந்த மரம் எத்தனை சாதுவாக நிற்கிறது பாருங்கள். தைப்பிங்கில் பாராக் சாலைப் பக்கம் செண்டோல், தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றிய ஐஸ் பானம். தீபகற்பத்திலேயே மழை அதிகம் பெய்யும் ஊர். இன்று மழை வருமா வராதா என்று அந்தக் காலத்தில் பந்தயமே கட்டுவார்களாம். மழையோடு செண்டோல் குடிப்பவர்களைப் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். வெயிலுக்காகக் காத்திருந்தால் அங்கே யாரும் குடிக்க முடியாது.

கடைசியாக, எந்த ஊரிலும் மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் உணவகத்தின் பருப்பை நம்பிச் சைவ நண்பரை உட்கார வைக்காதீர்கள். டால்சா என்னும் பருப்புக் குழம்பில் ஆட்டெலும்பு போடுவது வழக்கம். சம்பலில் பிளாச்சான் என்னும் இறால் விழுது.

புந்தோங் பேரன்:
அக்கா ஈப்போ வரை வந்துவிட்டு எங்கள் புந்தோங்கை மறந்துவிட்டார். வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நேராகக் கம்போங் கச்சாங் பூத்தே வாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள், வீட்டோடு சேர்ந்த பட்டறை, முன்னால் கடை. முறுக்கு, ஓமப்பொடி, காராபூந்தி, மசாலாக் கச்சான், பட்டாணி. தாத்தா காலத்தில் தலையில் தட்டு வைத்துத் தெருத்தெருவாக விற்றார்கள், அப்புறம் சைக்கிள், மோட்டார் சைக்கிள். பிழியும் நேரத்தில் போனால் முறுக்கு எண்ணெயில் விழுந்து, நுரை அடங்கி, சலசலப்பு நிற்கும்வரை பேசாமல் நின்று பார்ப்பீர்கள். நுரை அடங்கினால் வெந்துவிட்டது என்று பொருள். எடுத்த சூட்டிலேயே பையில் அடைத்துத் தரச் சொல்லாதீர்கள், வியர்த்து நமத்துவிடும். சைவ நண்பருக்கு ஒரு எச்சரிக்கை: நெத்திலி கலந்த வகையும் பக்கத்திலேயே இருக்கும், ஒரே கரண்டியால் அள்ள விடாதீர்கள்.

செந்தூல்காரன்:
அக்கா, புந்தோங் பேரன், இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியே குறித்துக்கொண்டேன். ஒரு கேள்வி. பினாங்குக்குக் காரோடு ஃபெரியில் போக ஆசை. சின்ன வயதில் அப்பாவோடு போனது. இப்போது எத்தனை மணி வரை காரை ஏற்றுகிறார்கள்? செண்டோலைப் பினாங்கிலேயே குடித்துக்கொண்டால் தைப்பிங்கைத் தவிர்க்கலாமா?

ஜெலுத்தோங்வாசி:
காரை ஏற்றுவதே இல்லை. 2021இலேயே நின்றுவிட்டது. 2023இல் வந்த புதிய படகுகளில் ஆட்கள், சைக்கிள், மோட்டார் சைக்கிள் மட்டும். ஆசை விடாது என்றால் பட்டர்வொர்த்தில் உள்ள பினாங்கு சென்ட்ரலில் காரை நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள். காரோடு வருவதென்றால் ஜூரு டோல் பக்கம் விடுமுறை நெரிசலைக் கணக்கில் வையுங்கள். பத்து காவான் என்ற ஊரில் வெளியேறி இரண்டாவது பாலத்தில் வரலாம், ஜார்ஜ் டவுனுக்குச் சுற்றுதான், ஆனால் வண்டி நகரும்.

இரவில் நாசி கண்டார், கறிக் குழம்புகள் ஊற்றிய சோறு, உங்கள் மூவருக்கு, குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். சைவ நண்பருக்குக் குவீன் தெரு, மாரியம்மன் கோவில் சுற்றுவட்டாரம்.

செண்டோலைப் பொறுத்தவரை பினாங்குதான். தைப்பிங்கில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

பட்டர்வொர்த் அக்கா:
ஜெலுத்தோங்வாசி சொல்வதில் ஃபெரி சரி, பாலம் சரி, செண்டோல் தவறு. பினாங்கில் பாதி நேரம் சந்தில் நின்றுகொண்டே குடிக்க வேண்டும், பின்னால் ஒருவர் குடையால் இடித்துக்கொண்டிருப்பார். தைப்பிங்கில் உட்கார இடம் தருவார்கள்.

நான்காவது ஆள்:
நான்தான் அந்த ஹலால் நண்பன். செந்தூல்காரன் இந்த இழையை எங்கள் குழுவில் அனுப்பியிருந்தான். என்னைக் காரணம் காட்டிப் பிடோர் வாத்தை யாரும் தியாகம் செய்ய வேண்டாம். காலை 6.30க்குக் கிளப்பினால் பிடோர் வரும்போது நான் பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் பெத்தாயை டிக்கியில் வைப்பது நடக்காது. டிக்கியில் என் பை இருக்கிறது.

பட்டர்வொர்த் அக்கா:
அப்படியானால் கம்பளிச் சட்டைக்காரர் மடியில் வையுங்கள்.