கதைச்சுருக்கத்தில் இல்லாத கருப்பொருள்: சிறு படங்கள், தொடர்கள் பற்றிப் பலர் புனைபெயரில் எழுதிய ஓர் அனுபவப் பகிர்வு

கரிசல்மேடு:

சுயாதீனப் படம் ஒன்று வந்ததும் 'வறட்சியைப் பேசும் படம்', 'சாதியைப் பேசும் படம்' என்று ஒரு வரி எழுதிவிட்டு, நேராக நடிப்புக்கும் ஒளிப்பதிவுக்கும் போய்விடுகிறார்கள். படம் எதைப் பற்றியது என்பது திரைப்பட விழாக் கையேட்டிலேயே அச்சாகியிருக்கும். அந்த விஷயத்தில் படம் யார் பக்கம் நிற்கிறது, எந்தச் சாக்கை ஏற்க மறுக்கிறது என்பதுதான் உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியது. அதை எந்தக் காட்சியில் பிடித்தீர்கள், எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். முடிவுகள் வெளிப்படும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.

கூழாங்கல்லில் தொடங்குகிறேன். பி. எஸ். வினோத்ராஜின் முதல் படம். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது, அதே ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படம். குடிகாரத் தகப்பன் கணபதி, மகன் வேலுவைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு, கோபித்துப் போன மனைவியைக் கூட்டிவர அவள் ஊருக்குப் போகிறான். அங்கே அடிதடி. பையன் பஸ் காசைக் கிழித்துப் போட, இருவரும் பொட்டல் வழியே நடந்து திரும்புகிறார்கள். ஒன்றேகால் மணி நேரத்துக்கு இவ்வளவுதான் கதை.

இதற்கு எல்லோரும் சொல்லும் வாசிப்பு: வறண்ட பூமி, வறண்ட மனிதன், வெயில்தான் அவனுடைய கோபம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வாசிப்பு கணபதிக்கு வக்காலத்து வாங்குகிறது. மழை பெய்தால் அவன் பெண்டாட்டியை அடிக்க மாட்டானா? சரிபார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒரு தாளில் கோடு போட்டு, இடது பக்கம் கணபதி அந்த வெயிலில் செய்வதை எழுதுங்கள். வலது பக்கம் அதே வெயிலில் மற்றவர்கள் செய்வதை எழுதுங்கள். ஒரு குடும்பம் வளையில் புகை போட்டு எலி பிடித்துச் சுட்டுத் தின்கிறது. கடைசியில் பெண்கள் ஒரு குழியைச் சுற்றி உட்கார்ந்து, ஊறுகிற நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுகிறார்கள். கேமரா அங்கிருந்து எழுந்து போக மறுக்கிறது. வலது பக்கம் முழுக்க வேலையும் பொறுமையும். இடது பக்கம் ஒருவன் மட்டும் கத்திக்கொண்டு போகிறான். கோபத்துக்கு வெயில் காரணம் என்ற பேச்சைப் படமே தள்ளுபடி செய்துவிடுகிறது.

குறியீடு தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பையன் வாயில் அடக்கும் கல்லைப் பார்த்ததும் 'கல் என்பது மௌனம்' என்று எழுதிவிடாதீர்கள். முதலில் அந்தப் பொருள் படத்தில் என்ன வேலை பார்க்கிறது என்று எழுதுங்கள். கல் தாகத்தை அடக்குகிறது. வீட்டுக்கு வந்ததும் அது ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் கற்களோடு சேர்கிறது. அந்தக் குவியலைக் காட்டிய ஒரு நொடியில், நாம் பார்த்தது ஒரு நாள் சண்டை என்ற நினைப்பு போய்விடுகிறது. இந்த நடை முன்பும் நடந்திருக்கிறது. கண்ணாடிச் சில்லும் அப்படியே. வெயிலைப் பிடித்து அப்பன் முதுகில் அடிக்கிறான் பையன். அப்பனைச் சுடுகிற அதே வெயில் மகன் கையில் ஆயுதம். வேலை தெரிந்துவிட்டால் அர்த்தத்தைத் தனியாகத் தேட வேண்டியதில்லை.

ஒலிக்கோல்:

அண்ணே, அதே இயக்குநரின் அடுத்த படத்துக்கு உங்கள் ரெண்டு பக்கத் தாள் பாதி தூரம்தான் வரும். கொட்டுக்காளியைக் காதால் படிக்கணும்.

2024இல் பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவில் திரையிட்டு, ஆகஸ்டில் தியேட்டருக்கு வந்தது. வேறு சாதிப் பையனை விரும்புகிற மீனாவுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று, அவளைக் கட்டிக்கொள்ள இருக்கிற பாண்டியும் சொந்தபந்தமும் ஆட்டோவிலும் பைக்கிலும் சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். பின்னணி இசை கிடையாது. விமர்சனங்களில் இதை 'யதார்த்தம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள். அது மட்டும் காரணமென்றால் இவ்வளவு கவனமாக ஒலியைக் கட்டியிருக்க வேண்டாம்.

வழியில் விசேஷ வீட்டு ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. மீனா அதைக் கூடவே முணுமுணுக்கிறாள். பாண்டிக்கு வெறி ஏறி அவளை அடிக்கிறான், குறுக்கே வந்த பெண்களையும் அடிக்கிறான். படம் முழுக்க வயலினும் புல்லாங்குழலும் ஓடியிருந்தால் அந்தப் பாட்டு பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். மௌனத்தில் வந்ததால், அவளுடைய ஆசை வெளியே கேட்ட ஒரே இடமாக அது நிற்கிறது. அடி விழுவதும் அங்கேதான். இன்னொரு பக்கம், அதிகாரம் பண்ணுகிற பாண்டி தொண்டை கட்டி, சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரக்கிறான். கத்துகிறவனுக்குக் குரல் இல்லை. பேச மறுக்கிறவளுக்குத் தொண்டையில் ஒரு குறையும் இல்லை.

செய்முறை: இரண்டாம் தடவை பார்க்கும்போது ஏதாவது ஒரு இருபது நிமிடத்துக்குத் திரையை மூடிவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் மூன்று குறிப்பு: எங்கிருந்து வருகிறது, ஃபிரேமுக்குள்ளா வெளியிலா, யார் அதற்குத் திரும்பிப் பார்க்கிறார்கள். மூன்றாவதுதான் முக்கியம். பிறகு திரையைத் திறந்து சரிபாருங்கள். போன் ஸ்பீக்கரில் செய்யாதீர்கள். தூரத்து மோட்டார், காற்று மாதிரி அடித்தொனிகள் அதில் வரவே வராது.

இந்தப் பயிற்சிக்கு இன்னும் பொருத்தமான படம் அருண் கார்த்திக்கின் நசீர், 2020. கோவையில் ஒரு துணிக்கடை விற்பனையாளரின் ஒரே ஒரு நாள். திலீப் குமாரின் 'ஒரு குமாஸ்தாவின் கதை'யிலிருந்து எடுத்தது. மனைவியை பஸ் ஏற்றிவிடுகிறார், கடை திறக்கிறார், கவிதை சொல்கிறார், மனசுக்குள் மனைவிக்குக் கடிதம் எழுதுகிறார். முடிவில் கும்பல் அடித்துக் கொன்றுவிடுகிறது. 'திடீரென்று முடித்துவிட்டார்கள்' என்பதுதான் இந்தப் படத்தின் மேல் வரும் வழக்கமான புகார். காதைத் திறந்து வைத்தவர்களுக்கு அது திடீர் இல்லை. ஒலிபெருக்கியில் வெறுப்புப் பேச்சு தெருவில் மிதந்துகொண்டேதான் இருக்கிறது. யாரும் நின்று கேட்பதில்லை, யாரும் நிறுத்தச் சொல்வதுமில்லை. படம் வைக்கும் குற்றச்சாட்டு கடைசி நிமிடக் கும்பலோடு நிற்பதில்லை. பழகிப்போன காதுகள் மேலும் விழுகிறது.

டூரிங் டாக்கீஸ்:

நசீர் பார்க்கப் போகிறவர்களுக்கு: படம் 4:3 சட்டகம், அகலம் குறைந்த பழைய டிவி வடிவம். டிவியில் 'ஜூம்' அல்லது 'முழுத்திரை' போட்டு வைத்திருந்தால் மேலும் கீழும் வெட்டிவிடும், அல்லது ஆளைக் குண்டாக்கிவிடும். 'ஒரிஜினல்' என்று மாற்றுங்கள். புது டிவிகளில் அசைவை வழவழப்பாக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்' என்று ஒன்று தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், அதையும் அணையுங்கள். இல்லாவிட்டால் கேமராவைக் கையில் தூக்கி எடுத்த நீண்ட ஷாட்டெல்லாம் மெகாத்தொடர் மாதிரி வழுக்கும். ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்துவிட்டு 'மெதுவான படம்' என்று எழுதுகிறவர்களைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

நொய்யல்:

சிறுகதையிலிருந்து எடுத்த படங்களுக்குக் கைகொடுக்கும் முறை ஒன்று. கதையை முதலில் படித்து, இரண்டிலும் உள்ளது, கதையில் மட்டும் உள்ளது, படத்தில் மட்டும் உள்ளது என்று மூன்றாகப் பிரியுங்கள். இயக்குநரின் வாதம் மூன்றாவதில்தான் இருக்கும்.

தமிழ் இயக்கிய சேத்துமான், பெருமாள்முருகனின் 'வறுகறி'யிலிருந்து வந்தது. பெற்றோர் இல்லாத பேரன் குமரேசனைப் படிக்க வைக்கத் துடிக்கும் கூடை முடைகிற பூச்சி. பன்றிக்கறி மேல் தீராத ஆசையுள்ள பண்ணாடி (நிலவுடைமையாளர்) வெள்ளையன். படம் நடப்பது 2017இல், ராம்நாத் கோவிந்த் குடியரசுத் தலைவராகும் சமயம். தலித் ஒருவர் நாட்டின் உச்சப் பதவிக்குப் போகும் செய்தி ஓடிக்கொண்டிருக்க, இங்கே பூச்சி பண்ணாடிக்காகப் பன்றி வாங்கி, அறுத்து, வறுத்துக் கொடுக்க அலைகிறார். சேதி தன் பாட்டுக்கு ஓட, வேலை தன் பாட்டுக்கு நடக்கிறது. யாரும் இரண்டையும் சேர்த்து வசனம் பேசுவதில்லை, அதுவே நல்லது.

'உணவு அரசியல்' என்று இதற்கு முத்திரை குத்துவார்கள். தப்பில்லை, ஆனால் மேலோட்டம். படம் நேரத்தை எங்கே செலவழிக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். தின்கிற காட்சியை விட, பேரம் பேசுவது, பன்றியைப் பிடிப்பது, தீயில் வாட்டுவது, கூறு போடுவது என்று கறி தட்டுக்கு வரும் முன்பான வேலைக்குத்தான் நேரம் போகிறது. வெள்ளையன் வீட்டில் அவன் மனைவிக்கு அந்தக் கறி ஆகாது. அதனால் ஆசை அவனுடையது, அழுக்கு பூச்சியுடையது என்று ஏற்பாடு. கடைசியில் பண்ணாடிகளுக்குள் வந்த சண்டையில் சாவது பூச்சி. சண்டையில் அவருக்குப் பங்கே இல்லை. 'ஒடுக்கப்பட்டவர் மீது வன்முறை' என்று மட்டும் எழுதினால் இந்த நுட்பம் போய்விடும். அவரைக் குறிவைத்து யாரும் கிளம்பவில்லை. அவர் குறுக்கே நிற்கிறார் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மூன்றாம் வரிசை:

நொய்யல் நேரத்தை எண்ணியது போல, டு லெட்டில் கேள்விகளை எண்ணலாம். செழியன் எடுத்தது, 2017இன் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது, 2019இல் வெளியானது. கதை 2007 சென்னை, ஐடி சம்பளம் வந்து வாடகை ஏறிய காலம். வாடகை உயர்வு பற்றிய படம் என்று எழுதினால் பாதி சரி. வீடு பார்க்கப் போகும் காட்சிகளில் கேட்கப்படும் கேள்விகளை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள்: என்ன ஆளுங்க, கறி சாப்பிடுவீங்களா, என்ன வேலை. பணம் பற்றிய கேள்வியை விட இவைதான் கதவைச் சாத்துகின்றன. வீடு தேடும் நாயகன் இளங்கோவுக்கு சினிமாத் தொழில் என்பதும் ஒரு சாதி மாதிரியே வேலை செய்கிறது. பொதுவாக இந்தப் படத்தை வெறும் ஏழ்மைக் கதையாகப் பார்ப்பவர்களுக்கு அந்தக் குடும்பம் ஏழையே இல்லை என்பது தட்டுப்படுவதில்லை.

எட்டாவது எபிசோட்:

தொடர்களைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே. ஒன்றரை மணி நேரப் படத்துக்குப் பழகின முறையை எட்டு எபிசோடுக்குப் போட்டால் கை வலிக்கும். தொடரில் கருப்பொருளோடு மல்லுக்கு நிற்பது எபிசோட் முடிவில் வைக்கும் கொக்கி, அதாவது அடுத்ததைப் பார்க்க இழுக்கும் திருப்பம்.

2022இல் வந்த சுழல் முதல் சீசனை எடுத்துக்கொள்வோம். புஷ்கர்-காயத்ரி எழுத்து, பிரம்மாவும் அனுசரணும் இயக்கம். சுயாதீனத் தயாரிப்பு இல்லைதான், பெரிய ஓடிடியின் காசு. ஆனாலும் கருப்பொருளைக் கையாள்வதில் உள்ள சிக்கல் பளிச்சென்று தெரியும் உதாரணம். சிமெண்ட் ஆலை எரிகிறது, ஒரு பெண் காணாமல் போகிறாள், ஊரில் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளைத் திருவிழா. கடைசியில் தெரிய வருவது குடும்பத்துக்குள்ளேயே நடந்த சிறார் பாலியல் வன்முறை. குற்றவாளியின் பெயரை நான் இங்கே சொல்லவில்லை.

இங்கே கருப்பொருளே மர்மத்தின் விடை. விடையாக இருப்பதால் மறைத்து வைத்தாக வேண்டும். மறைத்து வைத்தால் அதைப் பற்றிப் பேச முடியாது. தப்பிப் பிழைத்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள், வீட்டில் யார் தெரிந்தே வாயை மூடினார்கள் என்பதற்கெல்லாம் பெரும்பகுதி எபிசோடுகளில் இடமில்லை. அந்த இடத்தைத் தொழிற்சங்கத் தலைவர், ஆலை முதலாளி என்று சந்தேகங்கள் அடைத்துக்கொள்கின்றன. கடைசி எபிசோடில் எல்லாம் மொத்தமாக வந்து இறங்குகிறது.

சரிபார்க்க: முடித்த பிறகு ஒவ்வொரு எபிசோடின் கடைசி மூன்று நிமிடத்தை மட்டும் தொடர்ச்சியாக ஓட்டுங்கள். கொக்கிகள் எதைப் பற்றியவை என்று பட்டியலிடுங்கள். பிறகு முதல் இரண்டு எபிசோடுக்குத் திரும்பி, குற்றவாளி வரும் ஷாட்டுகளை மட்டும் பாருங்கள்: யார் பக்கத்தில் நிற்கிறார், குழந்தைகள் அவரைப் பார்க்கும்போது முகம் எப்படி இருக்கிறது. தடயம் விதைத்திருந்தால் அது நேர்மை. இல்லையென்றால் வெறும் அதிர்ச்சி வைத்தியம். 'முன்கதை' சுருக்கத்தையும் தாண்டிப் போகாதீர்கள். எது முக்கியம் என்று தயாரிப்பாளர்கள் நினைக்கிறார்கள் என்பது அதில்தான் அப்பட்டமாகத் தெரியும்.

திருவிழாவுக்கும் கதைக்கும் உள்ள முடிச்சு மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது. அங்காளம்மன் வேஷம் கடைசியில் வெறும் வண்ணமாக நிற்காமல் வேலை பார்க்கிறது.

கரிசல்மேடு:

ஒலிக்கோல், கொட்டுக்காளியில் காளை வழி மறிக்கும் காட்சியை விட்டுவிட்டீர்கள். அத்தனை ஆம்பளையும் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து காளையை ஓட்டிப் போகிறாள். அங்கே என் இரண்டு பக்கத் தாள் நன்றாகவே நடக்கிறது. முடிவு புரியவில்லை என்று சண்டை போட்டவர்களுக்கும் அதுவே பதில். சாமியாடி இன்னொரு பெண்ணைத் தொட்டு 'வைத்தியம்' பார்ப்பதை பாண்டி பார்க்கிறான். படம் அங்கேயே முடிகிறது. அவன் என்ன முடிவெடுத்தான் என்று கேட்பது, மீனாவின் வாழ்க்கைக்கு இன்னமும் அவனையே நீதிபதியாக வைப்பது. அந்த நாற்காலியைப் படம் காலி செய்துவிட்டது.

ஒலிக்கோல்:

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இசை இல்லாத படம்தான் நேர்மையான படம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லெனின் பாரதியின் மேற்குத் தொடர்ச்சி மலையில் இளையராஜா இசை இருக்கிறது. மலையில் மூட்டை சுமக்கும் ரங்கசாமி, சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கப் போராடி, கடைசியில் அந்த நிலத்திலேயே காற்றாலைக்குக் காவலாளியாக உட்காருகிறான். இசை எங்கே வருகிறது, எங்கே ஒதுங்கிக்கொள்கிறது என்று அந்தப் படத்துக்கு யாராவது நேரம் குறித்து எழுதினால் நன்றாக இருக்கும். மலை ஏறும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது ஒரு கணக்கு என்று பிரித்து எழுதுங்கள்.