‘ஸ்நாப்பேக்’: மறுதடையா, கெடுமீள் தடையா?

தல்லாகுளம், மதுரை

நம் சொல்லகராதிக் குழு அன்பர்களுக்கு வணக்கம்.

ஈரான் பற்றிய செய்திகளில் ‘ஸ்நாப்பேக்’ (snapback, எடுத்த தடை திரும்பி வரும் ஏற்பாடு) வரும்போதெல்லாம் நம் நாளிதழ்கள் ஆளுக்கொரு சொல் போடுகின்றன: மறுதடை, மீண்டும் தடை, தானியங்கித் தடை. மூன்றும் பொருளைக் கெடுக்கின்றன. அந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் காரணம் புரியும்.

2015 ஜூலை 20 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2231-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. 2006 முதல் 2010 வரை ஈரான்மீது வந்த ஆறு தீர்மானங்களை முடித்துவைக்க அது வழிசெய்தது. கூடவே 11, 12-ஆம் பத்திகளில் ஒரு பூட்டும் போட்டார்கள். ஈரானும் வல்லரசுகளும் 2015-இல் செய்த அணு ஒப்பந்தத்தில் உள்ள ஒரு நாடு, ‘ஈரான் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை’ என்று அவைக்கு எழுதிக் கொடுத்தால் 30 நாள் கெடு ஓடத் தொடங்கும். 10 நாளுக்குள் உறுப்பினர் யாரும் வரைவு தராவிட்டால் அவைத் தலைவரே தர வேண்டும். வாக்குக்கு வரும் கேள்வி ‘தடையைத் திரும்பப் போடலாமா’ என்பதன்று; ‘தடை நீக்கம் தொடரட்டுமா’ என்பது. அந்த வரைவு நிறைவேறாவிட்டால் 30-ஆம் நாள் கழிந்த நள்ளிரவில், கிரீன்விச் நேரப்படி, பழைய தீர்மானங்கள் உயிர்பெறும். ஆகவே ரஷ்யாவோ சீனாவோ வீட்டோவை (நிரந்தர உறுப்பினரின் தடுப்பு வாக்கை) காட்டித் தடுக்க இடமில்லை. தடை திரும்ப வேண்டும் என்று நினைக்கிறவருக்குத்தான் வீட்டோ உதவும்.

2025 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் சேர்ந்து கடிதம் கொடுத்தன. செப்டம்பர் 19-இல் நீக்கத்தைத் தொடரும் வரைவுக்கு ஆதரவு 4, எதிர்ப்பு 9, நடுநிலை 2. செப்டம்பர் 26-இல் ரஷ்யாவும் சீனாவும் கொண்டுவந்த ஆறு மாத நீட்டிப்பு வரைவும் அதே கணக்கில் விழுந்தது. 28 பிறந்த நள்ளிரவில் தடைகள் திரும்பின. அதை ஏற்க மாட்டோம் என்று ரஷ்யாவும் சீனாவும் இன்றும் சொல்கின்றன என்றாலும், தீர்மானத்தின் நடைமுறை இதுதான்.

‘மறுதடை’ என்றால் புதிதாகக் கூடிப் பேசிப் போட்ட தடை என்று படிப்பவர் நினைப்பார். ‘தானியங்கி’ என்றால் யாரும் தொடாமலே வந்துவிடும் என்று ஆகிவிடும். இங்கே ஒரு நாடு கடிதம் கொடுத்தாக வேண்டும். நம் பக்கத்துப் பத்திர எழுத்தர்கள் கிரய ஒப்பந்தத்தில் ‘கெடு 3 மாதம்’ என்று எழுதுகிறார்களே, அந்தச் சொல்தான் இங்கே கச்சிதமாக உட்காருகிறது. கெடுமீள் தடை என்று முன்மொழிகிறேன்.

போடிநாயக்கனூர்

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. ஏலக்காய் ஏற்றுமதிக் கணக்கு பார்க்கிறவர்கள் பக்கத்திலிருந்து சில விவரங்கள்.

எங்களுக்கு வேண்டியது தேதி. 2231-இன் 14-ஆம் பத்திப்படி, தடை திரும்புவதற்கு முன்பு கையெழுத்தான ஒப்பந்தங்களைத் தடை பின்னோக்கிப் பிடிக்காது. ஆனால் அந்த வேலை அணு ஒப்பந்த விதிகளுக்கும் தீர்மானங்களுக்கும் உட்பட்டதாக இருக்க வேண்டும். எனவே கையெழுத்து நாள், சரக்கு அனுப்பும் தவணைகள், தடை வந்தால் யார் நட்டம் ஏற்பது என்ற ஷரத்து மூன்றும் முதல் தாளிலேயே தெளிவாக இருப்பது நல்லது. பிற்பாடு அளவையோ விலையையோ திருத்தினால், வங்கி அதைப் புது ஒப்பந்தம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. பல சரக்குகள் சிக்குவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று. உணவுப் பொருளுக்கும் மருந்துக்கும் பெரும்பாலும் விலக்கு உண்டு. ஆனாலும் பணம் வந்து சேராது. வாங்குபவர் பெயர், அவர் நிறுவனத்தின் பங்குதாரர்கள், அவருடைய வங்கி, கப்பலின் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் (பன்னாட்டு அடையாள எண்), இடையில் தொடும் துறைமுகங்கள் எல்லாவற்றையும் நம் வங்கி தடைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அமெரிக்க விதிப்படி, பட்டியலில் இருப்பவர்கள் சேர்ந்து 50 விழுக்காடோ அதற்கு மேலோ வைத்திருந்தால், பட்டியலில் பெயரே இல்லாத நிறுவனமும் முடக்கப்பட்டதாகக் கணக்கு. பெயர் மட்டும் ஒத்துப்போய் ஆள் வேறாக இருந்தாலும் கோப்பு நின்றுவிடும். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி கொடுத்தால்தான் நகரும். 2014-இல் அமெரிக்கத் தடைகளை மீறியதற்காக பி.என்.பி. பாரிபா வங்கி சுமார் 890 கோடி டாலர் கட்ட நேர்ந்த பிறகு, சட்டம் அனுமதிப்பதையும் வங்கிகள் தொடத் தயங்குகின்றன.

அதனால்தான் ‘தடை நீக்கம்’ என்ற ஒற்றைச் சொல் எங்களை ஏமாற்றுகிறது. தடை இருந்துகொண்டே சிலருக்கு வழிவிட்டால் அது விலக்கு. 2018 நவம்பரில் ஈரான் எண்ணெய் வாங்க இந்தியா உட்பட எட்டு இடங்களுக்கு அமெரிக்கா கொடுத்தது அதுதான். 2019 மே மாதத் தொடக்கத்தில் அது தீர்ந்தது. தீர்மானம் உயிரோடு இருக்க, அமல் மட்டும் நின்றால் நிறுத்திவைப்பு. தீர்மானமே போனால்தான் நீக்கம். லிபியாமீதான ஐ.நா. தடை விவகாரத்தில் 1999 ஏப்ரலில் நடந்தது நிறுத்திவைப்பு. 2003 செப்டம்பரில் நடந்தது நீக்கம். இடையில் நான்கு ஆண்டுக்கு மேல். சொல்லகராதியில் இந்த மூன்றையும் தனித்தனிப் பதிவாக்கிவிடுங்கள், ஐயா.

திருப்பரங்குன்றம்

கருத்துக்கு நன்றி. எனக்கு ஒரு தயக்கம். ‘கெடு’ என்றதும் ‘கெட்டுப்போ’ என்பதும் காதில் விழும். ‘கெடுமீள்’ என்பதை, கெட்டது மீள்கிறது என்று ஒருவர் பிரித்துவிட மாட்டாரா? ‘தவணைமீள் தடை’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

இலக்கணத்தில் குறை சொல்ல முடியாது. மீள் தடை வினைத்தொகை. கெடுவில் மீளும் தடை என்று விரியும். வினைத்தொகை ஆகையால் வல்லினம் மிகாது. ‘மீள்த்தடை’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

தல்லாகுளம், மதுரை

அம்மா, தவணை என்றால் நம் மக்களுக்குப் பணத்தைப் பகுதி பகுதியாகக் கட்டுவதுதான் முதலில் நினைவுக்கு வரும். தடை தவணை தவணையாகத் திரும்புகிறது என்று ஆகிவிடும். ‘அரசு விதித்த கெடு முடிந்தது’ என்று தலைப்புச் செய்தி படிப்பவர் யாரும் கேடு என்று எடுத்துக்கொள்வதில்லை.

‘கெடு’வை நான் விடாமல் பிடிப்பதற்கு இன்னொரு காரணம், இதன் எதிர்ச்சொல்லும் அதோடு சேர்ந்தே கிடைக்கிறது. கெடு முடிந்ததும் தானே காலாவதியாகும் தடைகள் உண்டு. எத்தியோப்பியா, எரித்ரியா போரின்போது 2000 மே மாதம் வந்த 1298-ஆம் தீர்மானத்தின் ஆயுதத் தடைக்கு ஆயுள் 12 மாதம், நீட்டிக்காததால் முடிந்துபோயிற்று. ரஷ்யாமீதான ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளாதாரத் தடைகளை ஆறு மாதத்துக்கொரு முறை எல்லா உறுப்பு நாடுகளும் ஒருமனதாக நீட்டித்தாக வேண்டும். இவற்றை கெடுவீழ் தடை என்போம். கெடு கழிந்தால் விழுவது ஒன்று, மீள்வது மற்றொன்று. யாரும் எதுவும் செய்யாமல் இருந்தால் எது நடக்கும் என்பதை ஈரெழுத்து வேறுபாடு சொல்லிவிடுகிறது.

பகைநாடுகளின் பேச்சுவார்த்தையில் இதுதான் உயிர்நாடி. 1990 ஆகஸ்டில் ஈராக்மீது வந்த 661-ஆம் தீர்மானத்தில் கெடுவே இல்லை. எடுக்க வேண்டுமானால் புதுத் தீர்மானம் வேண்டும். அதற்கு அமெரிக்காவும் பிரிட்டனும் சம்மதிக்க வேண்டும். இணங்கினால் நிச்சயம் எடுப்பார்கள் என்று பாக்தாத் நம்ப வழியில்லாமல், ஆட்சி விழுந்த பிறகும், 2003 மே வரை பொதுத்தடை நீடித்தது. இடையில் துன்பப்பட்டது எளிய மக்கள். 2231-ஐ எழுதியவர்கள் அந்த முடிச்சைத்தான் மாற்றிப் போட்டார்கள். திரும்பப் போட முடியும் என்ற உறுதி மேற்கு நாடுகளுக்குக் கிடைத்ததால்தான் நீக்கவே துணிந்தார்கள். தடையா, தூதா என்று எதிரெதிராக வைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நம்பும்படி எடுக்க முடியாத தடையை வைத்துக்கொண்டு தூதர் எதைக் கொடுத்து எதை வாங்குவார்?

ஓர் எச்சரிக்கை. 2018 மே 8 அன்று அமெரிக்கா ஒப்பந்தத்திலிருந்து விலகித் தன் தடைகளை 90 நாள், 180 நாள் அவகாசம் கொடுத்துத் திரும்பப் போட்டதையும் சிலர் ஸ்நாப்பேக் என்கிறார்கள். அது அதிபரின் முடிவு. அந்த நாட்கள் வணிகர்கள் கடையைக் கட்டக் கொடுத்தவை. அதை ‘மறுவிதிப்பு’ என்றே எழுதுவோம். 2025 செப்டம்பர் 29-இல் ஐரோப்பிய ஒன்றியம் தனியாக முடிவெடுத்துத் தன் தடைகளைத் திரும்பக் கொண்டுவந்ததும் மறுவிதிப்புதான். ஐ.நா. தடை மட்டுமே கெடுவில் மீண்டது.

திருப்பரங்குன்றம்

இணைச்சொல்லைப் பார்த்த பிறகு என் தயக்கம் நீங்கியது. கெடுமீள் தடை, கெடுவீழ் தடை, மறுவிதிப்பு, விலக்கு, நிறுத்திவைப்பு, நீக்கம் ஆறையும் பதிவு செய்கிறேன். செயலைக் குறிக்க ‘கெடுமீள்வு’ போதும். ‘நீக்கம் தொடரட்டுமா’ என்று கேட்கும் அந்த வாக்கெடுப்புக்குத் ‘தொடர்வாக்கு’ என்று போடலாமா? தொடர்ந்து நடக்கும் வாக்கு என்று படிக்கவும் இடமிருப்பதால், வேறு சொல் தோன்றுகிறவர்கள் எழுதுங்கள்.